மலையகத் தோட்டங்களுக்கு ஒரு குறுகிய ஊழியப் பயணம்: சபைக் குழுவுக்கான கையேடு

தமிழ்நாட்டுச் சபைகள் வெளிநாட்டு ஊழியப் பயணம் என்று யோசிக்கும்போது இலங்கை மலையகம், அதாவது அங்குள்ள தேயிலைத் தோட்ட மலைநாடு, எளிதாகக் கண்ணில் படும். சென்னையிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து விமான நிலையமான கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. பேசுவது தமிழ், பாடுவது அதே கீர்த்தனைகள், கடிகாரத்தைக் கூட மாற்ற வேண்டாம். 1850-களிலேயே கண்டிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் ஊழியம் செய்யத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போயிருக்கிறார்கள்.

சிக்கலும் இந்த நெருக்கத்தில்தான். பக்கத்து ஊர் கன்வென்ஷனுக்கு வேன் பிடிப்பதுபோலக் கிளம்பிவிடுகிறார்கள். அது இன்னொரு நாடு. அதற்கென்று சட்டம் இருக்கிறது, தோட்டத்துக்கென்று தனி ஒழுங்கு இருக்கிறது. அங்கே நாம் செய்யும் தவறுக்கு விலை கொடுப்பது, நாம் விமானம் ஏறிய பிறகும் அந்த ஊரிலேயே இருக்கப்போகும் போதகரும் அவருடைய நாற்பது ஐம்பது குடும்பங்களும்தான். கீழே உள்ளது ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு எட்டு முதல் பத்துப் பேர் ஒன்பது நாள் போய்வருவதற்கான வழிமுறை.

அழைப்பு முதலில், ஆள் சேர்ப்பு பிறகு

வழக்கமாக நடப்பது தலைகீழ். இங்கே ஆள் சேர்ந்து, பணம் சேர்ந்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் "ஐயா, உங்க பக்கம் வர்றோம், ஏதாவது கூட்டம் ஒழுங்கு பண்ணுங்க" என்று அங்குள்ள போதகருக்கு போன் போகும். அவரால் மறுக்க முடியாது. வருகிறவர்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட, தன் சபையாரிடம்தான் அவர் கேட்க வேண்டியிருக்கும். அவர்கள் நாட்சம்பளக்காரர்கள்.

ஆறு மாதம் முன்பே அழைக்கும் சபையிடமிருந்து எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். "வந்து ஆசீர்வாதமாயிருங்கள்" என்று மட்டும் இருந்தால் போதாது. அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: அவர்களுக்கு எந்த உதவி தேவை (ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியா, வாலிபர் முகாமா, சபைக் கட்டட வேலையா), எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), எந்தத் தேதி, அங்கே பொறுப்பாளர் யார். கடிதம் போதகரின் பெயரில் மட்டும் வராமல் அந்தத் திருச்சபையின் தலைமையிடத்து ஒப்புதலோடு வரட்டும். விசாவுக்கும் அதுதான் உதவும்.

அவர்கள் கேட்டது ஞாயிறு பள்ளிப் பயிற்சியாக இருந்து, உங்கள் குழுவில் நன்றாக வருவது பாட்டும் நாடகமும் என்றால், ஆளை மாற்றுங்கள். அவர்கள் கேட்டதை மாற்றாதீர்கள். கேட்ட வேலைக்கு இங்கே ஆளே இல்லையா? அந்த வருடம் போகாமல், அவர்களில் இரண்டு பேர் இங்கே வந்து பயிற்சி பெறச் செலவு செய்யுங்கள். பத்துப் பேரின் விமானச் செலவில் ஒரு பகுதிதான் அதற்கு ஆகும்.

விசா

இதில் விளையாடக் கூடாது. இந்தியர்களுக்குச் சுற்றுலா அனுமதி இணையத்திலேயே சுலபமாகக் கிடைக்கும், வழக்கமாக 30 நாளுக்கு. அது ஊர் பார்க்க, உறவினரைப் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போய் உட்காரலாம். பிரசங்கிக்க, கூட்டம் நடத்த, வகுப்பெடுக்க அது செல்லாது. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்கிறார்கள் என்று யாராவது ஒரு புகார் கொடுத்தால் போதும். குழுவைத் திருப்பி அனுப்புவார்கள், அதன் பிறகு அழைத்த சபைதான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

சமயப் பணிக்கு வருபவர்களுக்கான வழி வேறு. அழைக்கும் திருச்சபையின் தலைமை, கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்திடம் (அரசுத் துறை) பரிந்துரை கேட்டு, அதைக் கொண்டு பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கையில் குறைந்தது மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் படிவமும் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போய்வந்தவர் சொல்வதை நம்பாமல், திணைக்களத்தின் இணையதளத்தில் அந்த மாத நிலவரத்தைப் பாருங்கள். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

"எதற்கு வந்தீர்கள்?" என்று விமான நிலையத்தில் கேட்டால் பத்துப் பேரும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும். "சுற்றிப் பார்க்க என்று சொல்லிடுங்க" என்று அறிவுரை சொல்லும் குழுத் தலைவரைத் தலைவராக வைக்க வேண்டாம். பொய்யில் தொடங்கும் ஊழியத்துக்கு அங்கே என்ன சாட்சி இருக்கும்?

இங்கிருந்து கிளம்புவதற்கான தாள்களும் உண்டு. பாஸ்போர்ட் போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குழுவில் அரசுப் பள்ளி ஆசிரியரோ வேறு அரசு ஊழியரோ இருந்தால், வெளிநாடு செல்லத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பலரும் கடைசி வாரத்தில் மாட்டிக்கொள்வது இதில்தான், ஏனென்றால் கோப்பு நகர மாதக்கணக்கில் ஆகும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெற்றோர் இல்லாமல் அழைத்துப்போகாமல் இருப்பதே நல்லது.

தோட்டம் என்பது ஊர் அல்ல

நம்மூர்த் தெருவில் நுழைவதுபோலத் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. பாதை, லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்), விளையாட்டுத் திடல் எல்லாம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவை. 1992 முதல் பெரும்பாலான பெரிய தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. வெளிநாட்டுக் குழு ஒன்று உள்ளே வந்து கூட்டம் போட, தோட்ட முகாமையாளரின் அனுமதி வேண்டும். இன்னும் 'துரை' என்றுதான் அவரைச் சொல்வார்கள். அழைக்கும் போதகர் அதை எழுத்தில் வாங்கட்டும். கிராம உத்தியோகத்தருக்கும் (நம்மூர் வி.ஏ.ஓ. போன்றவர்) உள்ளூர் பொலிஸ் நிலையத்துக்கும் தகவல் கொடுத்துவிட்டால் பிறகு கேள்வி வராது. கடிதங்களின் நகல் வேனில் எப்போதும் இருக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேச வேண்டியிருக்கும். நன்றாகச் சிங்களம் பேசும் உள்ளூர் சகோதரர் ஒருவர் குழுவோடு கூடவே இருப்பது அவசியம்.

எங்கே கூடுவது என்பதிலும் கவனம் வேண்டும். பதிவுள்ள ஆலயக் கட்டடத்திலேயே நடத்துங்கள். புதிய வழிபாட்டு இடங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற 2008-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி, வீட்டு ஜெபக் கூட்டங்களை நிறுத்தச் சொன்ன சம்பவங்கள் பல. நீங்கள் ஒரு லயத்து வீட்டில் பத்துப் பேரோடு கைதட்டிப் பாடிவிட்டு வருவீர்கள். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர் விசாரணைக்குப் போவார்.

மேடைப் பேச்சைப் பற்றி ஒன்று. தோட்டத்து மக்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள். டிவிஷன்தோறும் ஒரு மாரியம்மன் கோயிலாவது இருக்கும். நாட்டில் பெரும்பான்மையினர் பௌத்தர்கள். பிற சமயத்தை ஒப்பிட்டு, தாழ்த்தி, சாட்சி சொல்கிற பழக்கம் நம் சபைகள் சிலவற்றில் உண்டு. அங்கே அது குற்றம். குடியியல் அரசியல் உரிமைகள் தொடர்பான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சமயப் பகைமையைத் தூண்டியதாகக் கைதானால் மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுக்க முடியும். வாரக்கணக்கில் உள்ளே இருக்க நேரிடும். சாட்சி சொல்பவர்கள் அத்தனை பேரும் புறப்படுமுன் எழுதிக் காட்டட்டும். பேச்சை போனில் பதிந்து உடனே இணையத்தில் ஏற்றுவதையும் நிறுத்துங்கள்.

எப்போது போவது

மலையகத்தில் மழைக்கு இரண்டு கணக்கு. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கிழக்கு. அங்கே அக்டோபர் முதல் ஜனவரி வரை கனமழை. இரு பக்கத்துக்கும் ஒத்துவருவது பிப்ரவரி, மார்ச். ஆனால் அந்த மாதங்களில் நுவரெலியாவில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும், சில காலை உறைபனியும் விழும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம் அது.

மழை என்றால் நனைவது மட்டுமில்லை. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை அப்படியே மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மழை நாளில் தினமும் காலை அதைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் போகும் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருந்தால் அன்றைய கூட்டம் ரத்து. "தேவன் பார்த்துக்கொள்வார்" என்று பத்துப் பேரை வேனில் ஏற்றுவது விசுவாசம் அல்ல. பிறர் உயிரைப் பணயம் வைப்பது.

தேதி குறிக்குமுன் அங்குள்ள நாட்காட்டியையும் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று இறைச்சி, மது விற்பனை இல்லை, ஒலிபெருக்கி வைக்கவும் கூடாத நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் என்ற பௌத்தப் பண்டிகை வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். வார இறுதிகளில் ஹட்டன், மஸ்கெலியா சாலை யாத்திரிகர் கூட்டத்தில் அடைபடும். ஏப்ரல் 13, 14 புத்தாண்டு வாரத்தில் கடை இருக்காது, ஓட்டுநரும் கிடைக்க மாட்டார். தோட்டத்துக் கோயில் திருவிழாத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த வாரத்தையும் விட்டுவிடுங்கள்.

தோட்டத்தின் நேரம்

காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவார்கள். மாலை நாலரை, ஐந்து வரை கொழுந்து பறிப்பு. குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதிச் சம்பளம். ஆகவே வேலை நாளில் பகல் பத்து மணிக்குப் பெண்கள் கூட்டம் வைத்தால், வருகிற ஒவ்வொரு அம்மாவும் அன்றைய கூலியை இழந்துதான் வருகிறார். யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் முன்கூட்டிக் கேட்க வேண்டும்.

மாலையிலும் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் வர முடியும். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். இருட்டில் தேயிலை மலைக்குள் நடந்து திரும்ப வேண்டும், சிறுத்தை நடமாட்டம் உள்ள இடங்களும் உண்டு. இரண்டரை மணி நேரப் பிரசங்கத்தைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுதான், ஆனால் கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஞாயிற்றிலும் கைக்காசுக்குப் பறிக்கப் போவார்கள். வராதவரைப் பின்மாற்றக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

குழு

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பதினான்கு இருக்கை வேன் ஒன்றில் பத்துப் பேரும் பெட்டிகளும் சரியாக அடங்கும். பதினோராவது ஆள் சேர்ந்தால் இரண்டாவது வண்டி, இரண்டாவது ஓட்டுநர், கூடுதல் அறை என்று செலவு தாவிவிடும். குறைந்தது நான்கு பெண்கள் இருப்பது நல்லது, ஏனென்றால் தோட்டத்தில் பேச வேண்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணக்குக்கு ஒருவர், மருந்துப் பெட்டிக்கு ஒருவர், தாள்களுக்கு ஒருவர் என்று பிரியுங்கள். மூன்றையும் தலைவரே வைத்துக்கொண்டால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று எல்லாம் நின்றுபோகும்.

புறப்படுமுன் நான்கு சனிக்கிழமை உட்காருங்கள். முதல் வாரம் மலையகத்தின் கதை. அதைத் தெரியாமல் போகக் கூடாது. தோட்டங்களுக்காகத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி அவர்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் மறைமாவட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையே முதல் வகுப்பெடுக்க அழையுங்கள்.

சொற்களில் கவனம் வேண்டும். 'தோட்டக்காட்டான்' என்பது வசை. விளையாட்டுக்குக்கூட வாயில் வரக் கூடாது. 'கூலி' வேண்டாம், 'தொழிலாளி' சொல்லுங்கள். "நீங்க நம்ம இந்தியாக்காரங்கதானே" என்று அன்பாகச் சொல்வது அவர்களுக்கு இனிக்காது. குடியுரிமைக்காக இரண்டு மூன்று தலைமுறை போராடியவர்கள். 'மலையகத் தமிழர்' என்றே சொல்லுங்கள். வயதானவர்களை ஐயா, அம்மா என்றும், மற்றவர்களை அண்ணன், அக்கா என்றும் அழைத்தால் போதும். அரசியல், போர், பிரபாகரன் பற்றி நீங்களாக எதையும் எடுக்க வேண்டாம்.

மருத்துவ முகாம் வைக்கும் ஆசை

குழுவில் இரண்டு டாக்டர்கள் இருந்தால் உடனே எழும் எண்ணம் இது. இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு இல்லாமல் வெளிநாட்டு மருத்துவர் அங்கே சிகிச்சை செய்யக் கூடாது. பெட்டி நிறைய மாத்திரை கொண்டுபோவதற்கும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதி தேவை. மாதிரி மாத்திரைகளையும், இன்னும் இரண்டு மாதத்தில் காலாவதியாகும் அட்டைகளையும் திரட்டிக்கொண்டு போவது சுங்கத்தில் மாட்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே நாளில் இருநூறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்து ஒரு வார மாத்திரை கொடுத்தால் எட்டாவது நாள் என்ன செய்வார்கள்? நோயாளி வழக்கமாக எடுக்கும் மருந்தை நிறுத்திவிட்டு, இந்தியா டாக்டர் கொடுத்ததை முடிக்கிறார். முடிந்ததும் இரண்டும் இல்லை.

செய்யக்கூடியது வேறு. அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தோடும் தோட்ட வைத்திய உதவியாளரோடும் போதகர் பேசி, உள்ளூர் மருத்துவர்கள் நடத்தும் முகாமுக்கு நீங்கள் கூடாரம், பரிசோதனைப் பட்டை, உணவு, போக்குவரத்துச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். மருந்து அங்கேயே வாங்கப்படும், பதிவேடு அங்கேயே இருக்கும். உங்கள் டாக்டர்கள் சுகாதார வகுப்பு எடுக்கலாம். அவர்கள் வெள்ளை அங்கி போடாத பயணம் அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், சொல்லிப் புரியவையுங்கள்.

பிள்ளைகள்

வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தச் சொன்னால், பள்ளி விடுமுறை எப்போது என்று அங்கே கேட்டே தேதி போடுங்கள். வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் வரும், ஆனால் அண்மை ஆண்டுகளில் தவணைகள் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கின்றன. அரசுப் பள்ளிக்குள் நுழைய வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டும். அதிபர் தனிப்பட்ட முறையில் "வாங்க" என்பது போதாது.

சபைப் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துங்கள். வண்ணக் காகிதமும் பிஸ்கட்டும் பார்த்து லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து நிற்பார்கள். வேறு சமயக் குடும்பத்துப் பிள்ளையைச் சேர்ப்பதானால் தாய் தகப்பன் கையெழுத்திட்ட தாள் இருக்க வேண்டும். பிஸ்கட் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஒன்று கிளம்பினால் அந்தப் போதகர் பத்து வருடமாகக் கட்டிய நல்லுறவு ஒரே மாலையில் போய்விடும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். முகம் தெரியும் படம் பெற்றோர் சம்மதமில்லாமல் கூடாது. லயத்துச் சாக்கடையும் கிழிந்த சட்டையும் பின்னணியாக வைத்து எடுக்கும் படம் சம்மதம் இருந்தாலும் கூடாது. சந்தேகப்படும்படி எதையாவது பார்த்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929.

நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்து நாள் என்றால் கத்தரிக்கோல் பத்து, கிரேயான் பெட்டி இருபது, பசை பத்து, ஏ4 தாள் இரண்டு கட்டு போதும். எல்லாவற்றையும் ஹட்டன் கடைத்தெருவிலேயே வாங்கலாம். தமிழ் வேதாகமம் வேண்டுமென்றால் கொழும்பில் இலங்கை வேதாகமச் சங்கத்தில் கிடைக்கும். இங்கிருந்து ஐம்பது பிரதி சுமக்க வேண்டியதில்லை.

பணமும் பரிசும்

நூறு சேலை, ஐம்பது வேட்டி, பழைய ஸ்வெட்டர் மூட்டை, எதுவும் வேண்டாம். ஒரே பொருள் மொத்தமாக இருந்தால் சுங்கத்தில் வணிகச் சரக்காகப் பார்ப்பார்கள், தீர்வை கேட்பார்கள். இருநூறு குடும்பம் உள்ள டிவிஷனில் நாற்பது வீட்டுக்கு மட்டும் சேலை போனால் அங்கே எழும் மனக்கசப்பை ஆற்ற உங்களால் திரும்பிப் போக முடியாது. கொடுக்க நினைப்பதை அழைத்த சபையின் குழுவிடம் சொல்லுங்கள். யாருக்கு, எப்படி என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். கொடுப்பது அவர்கள் கையாலேயே நடக்கட்டும்.

உங்கள் சபை அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால் ஆடிட்டரிடம் பேசாமல் அதன் கணக்கிலிருந்து இந்தப் பயணத்துக்குச் செலவழிக்காதீர்கள். இந்தியாவுக்கு வெளியே செலவாகும் அறக்கட்டளைப் பணத்துக்கு, முன் அனுமதி இல்லாவிட்டால், வருமான வரி விலக்கு கிடைக்காது. ஒவ்வொருவரும் தன் செலவைத் தானே ஏற்பது எளிய வழி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்குங்கள். தங்குமிடம், சாப்பாடு, வேன், மின்கட்டணம் வரை எல்லாவற்றையும் நீங்களே கொடுங்கள், போய் இறங்கிய அன்றே கொடுங்கள். கடைசி நாள் உறையில் வைத்துக் கொடுப்பதற்குள் போதகர் கடன் வாங்கிச் சமைத்திருப்பார். டாலராகக் கொண்டுபோய் விமான நிலைய வங்கியில் மாற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. 2024 பிப்ரவரி முதல் அங்குள்ள சில கடைகளில் செல்கிறது. தோட்டப் பக்கம் ரொக்கம்தான்.

தங்குவது லயத்தில் வேண்டாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் குடும்பமே படுக்கும் வீடு அது. விருந்தாளி வந்தால் அவர்கள் அடுக்களையில் படுப்பார்கள். சபை விடுதியோ, ஊரில் சின்னத் தங்குமனையோ பாருங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள். ரொட்டியும் சம்பலும் தேநீரும் எந்த விருந்துக்கும் குறைந்ததல்ல. ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம்.

பயணம், உடல்நலம்

காலை விமானமாகப் பாருங்கள். கட்டுநாயக்கவிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். கினிகத்தேனைக்கு மேலே பின்னேரம் பனிமூட்டம் இறங்கும்; இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும். வளைவுச் சாலையில் வாந்தி வரும் பழக்கமுள்ளவர்கள் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டு முன்னிருக்கையில் உட்காரட்டும். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட் காட்டி இரண்டு வேறு நிறுவன சிம் வாங்குங்கள்; பள்ளத்தாக்கில் ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று எடுக்கும். இரண்டாம் நாளை வேலை வைக்காமல், போதகரோடு உட்கார்ந்து திட்டத்தைச் சரிபார்க்க விடுங்கள். பலமுறை பாதித் திட்டம் அன்றுதான் மாறும்.

ஆளுக்குப் பதினைந்து கிலோ போதும்: ஸ்வெட்டர் இரண்டு, மழைக்கோட்டு, பிடிப்புள்ள சப்பாத்து, முழங்கால் வரை காலுறை நான்கு ஜோடி, டார்ச். அட்டை கடித்தால் இழுக்காதீர்கள். நகத்தால் அதன் வாய்ப் பக்கம் மெல்ல நெம்பி எடுத்து, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலுறைக்கு மேல் சோப்பைத் தேய்த்துவிட்டு நடந்தால் ஏறுவது குறையும். அட்டையைவிடக் குளவிதான் அபாயம். தேயிலை மலையில் குளவிக்கொட்டு உயிரையே எடுக்கும். தொழிலாளர்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் படம் எடுக்கக்கூடப் போக வேண்டாம். குளவிக் கூடு கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு விலகுங்கள்; மூச்சுத் திணறலோ முகம் வீங்குவதோ தெரிந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையும் எத்தனை நிமிடத் தூரம் என்று முதல் நாளே கேட்டு எழுதிவையுங்கள். 1990 இலவச ஆம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவம் (பேரிடர் மேலாண்மை).

யாருக்காவது காய்ச்சல் என்றால் டாக்டரிடம் முதல் வாக்கியமே "இந்தியாவிலிருந்து வந்திருக்கிறோம்" என்பதாக இருக்கட்டும். 2016-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது; இப்போது அங்கே வருவது வெளியிலிருந்து கொண்டுவரப்படும் மலேரியாதான். சொன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சொல்லாமல் பாரசிட்டமாலில் ஓட்டினால் ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல. வயலிலும் சேற்றிலும் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் உண்டு. பத்துப் பேருக்கான பெட்டியில் ஓ.ஆர்.எஸ். இருபது பொட்டலம், பாரசிட்டமால் ஐம்பது, ஒவ்வாமை மாத்திரை இருபது, வெப்பமானி இரண்டு, பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி. அவரவர் தினசரி மருந்து சீட்டோடு கைப்பையில்.

திரும்பி வந்த பிறகு

கடைசிக்கு முந்திய நாள் அழைத்த சபையின் மூப்பர்களோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். எது உதவியது, எது பாரமானது என்று கேளுங்கள். நேருக்கு நேர் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆகவே ஒரு மாதம் கழித்துப் போனிலும் கேளுங்கள்.

குழுவில் யாரும் தனியாக எந்தக் குடும்பத்துக்கும் "உங்க பிள்ளையைப் படிக்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்று புறப்படுமுன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இந்த ஒரு விதி அதிகம் மீறப்படுகிறது, மீறுபவர்களும் நல்ல மனசுக்காரர்கள். மூன்று மாதம் பணம் போகும், நாலாம் மாதம் நின்றுபோகும். பிள்ளை டியூஷனை விட்டு நிற்கும். தாய் போதகர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். உதவ நினைப்பவர் அதைச் சபைக் குழுவில் வைக்கட்டும். குறைந்தது மூன்று வருடத்துக்கான பணம் உறுதியானால் மட்டும், திருச்சபையின் வங்கிக் கணக்கு வழியாக, வருடத்துக்கு இருமுறை ரசீதோடு போகட்டும்.

செலவுக் கணக்கை ஒரு மாதத்துக்குள் இங்குள்ள சபையிலும் அழைத்த சபையிலும் ஒரே தாளாக வாசியுங்கள்.